நூற்று எண்பது அடி

செவ்வாய்க்கிழமை, மஞ்சக்குப்பத்தில் நிலத்தடி நீர் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகை முன்னால் நின்று பவானி பட்டியலை மூன்றாவது முறையாகப் படித்தாள். முதலில் மேலிருந்து கீழே. அப்புறம் கீழிருந்து மேலே. பதினான்கு ஊர்கள் இருந்தன. கூத்தன்மேடு இல்லை.

"கண்ணாடி போட்டுப் படி புள்ள," என்றார் பின்னால் நின்ற செம்பியன்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குது மாமா. ஊருதான் காணோம்."

சாதாரணப் பட்டியலாக இருந்தால் பவானி இத்தனை படபடத்திருக்க மாட்டாள். நிலக்கரிச் சுரங்கத்தால் நிலத்தடி நீர் கீழே போய்விட்ட ஊர்களின் பட்டியல் அது. சுரங்கக் குழிக்குள் ஊறும் தண்ணீரை இரவு பகலாக இறைத்து வெளியே கொட்டுகிறார்கள் அல்லவா, அந்தத் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்து பட்டியலில் இருக்கும் ஊர்களின் ஏரிகளில் விடப்போகிறார்கள். பேர் இருந்தால் ஏரியில் தண்ணீர் வரும். பேர் இல்லாவிட்டால், பவானியின் மூன்று ஏக்கரில் இப்போது நிற்கும் நவரை நெல்தான் கடைசிப் போகம். அவளுடைய போரை இதற்கு மேல் ஆழப்படுத்த முடியாது, கீழே களிமண்தான் என்று போர் போடும் அன்பரசு கையை விரித்துவிட்டான்.

ஊரின் சார்பில் மனு எழுதியதே பவானிதான். கூத்தன்மேட்டில் ரேஷன் கார்டிலிருந்து கலெக்டர் மனு வரை அவள் கைதான் எழுதும். அந்த மனுவுக்குத்தான் இந்த மரியாதை.

உள்ளே போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஸ்ரீமதி என்ற அலுவலரிடம் கேட்டாள்.

"மேடம், எங்க ஊரு பேரு விட்டுப்போச்சு. கூத்தன்மேடு."

ஸ்ரீமதி எதையோ தட்டிப் பார்த்தாள். "விட்டுப்போகலம்மா. எடுத்துட்டாங்க. உங்க ஊர்ல போர்வெல் சராசரி ஆழம் ஐம்பத்து நாலு மீட்டர். உங்களைவிட சுகமா இருக்குற ஊரு இந்தப் பட்டியல்ல ஒண்ணுகூட இல்லை."

பவானி மனசுக்குள் மூன்றால் பெருக்கினாள். நூற்று அறுபது சொச்சம் அடி. அவளுடைய மோட்டார் தொங்குவது அறுநூற்று இருபதில்.

"இந்தக் கணக்க யாரு குடுத்தது?"

"உங்க ஊர்லேர்ந்துதான் போயிருக்கு. தொண்ணூத்தி மூணு போர், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா, சர்வே நம்பரோட. மூலக் காகிதம் சிதம்பரம் ஆபீஸ்ல இருக்கு. ஆட்சேபணை இருந்தா சனிக்கிழமைக்குள்ள குடுங்க. அன்னைக்கோட பட்டியல் மூடிடும்."

தொண்ணூற்று மூன்று. ஊரில் இருப்பது மிகச் சரியாக அத்தனை போர்தான். வெளியாள் எவனாலும் அதை எண்ணியிருக்க முடியாது.

பவானி திரும்பிச் செம்பியனைப் பார்த்தாள். விவசாயிகள் சங்கத் தலைவர் அவர். பஸ் நிழற்குடையில் ஓடு உடைந்ததற்கே தாலுக்கா ஆபீசில் அரை மணி நேரம் கத்தியவர். இப்போது துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணும் பேசமாட்டீங்களா?"

"பேசி இன்னா ஆவப்போவுது? வா, பஸ்ஸு போயிடும்."

அந்த நிமிஷத்தில்தான் பவானிக்குள் ஏதோ ஒன்று இடறியது.

*

பஸ் புவனகிரி தாண்டும் வரைக்கும் அவள் ஆள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். தொண்ணூற்று மூன்று போருக்கும் சர்வே நம்பர் தெரிந்தவன் யார்? நிலத் தரகன் கலைமணிக்குத் தெரியும். தண்ணீர் வற்றினால்தான் அவனுக்கு வியாபாரம். போர் போட்ட அன்பரசுக்குத் தெரியும். பக்கத்து சீட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கும் சங்கத் தலைவருக்கும் தெரியும்.

அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நான் சொன்னா நீ கோவிச்சுக்குவ."

"சொல்லுங்க."

"உன் தம்பி ஜெயப்பிரகாசு எங்க வேல பாக்குறான்?"

தம்பி சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆறு வருஷமாக நிரந்தரம் ஆகும் என்று காத்திருப்பவன். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம்.

"போன மாசம் சிதம்பரத்துல அந்த ஆபீஸ் மாடியிலேர்ந்து அவன் எறங்கி வந்தத என் கண்ணால பாத்தேன். கக்கத்துல நீலக் கலரு ஃபைலு. 'இன்னாடா மாப்ள'ன்னேன். 'ஒண்ணுமில்ல மாமா'ன்னு வண்டிய எடுத்துகினு பறந்துட்டான். அவ்ளோதான் நான் சொல்றது. மிச்சத்த நீ பாத்துக்க."

கடலைத் தோலை ஜன்னல் வழியே ஊதிவிட்டார். மேற்கே, வயல்களுக்கு அப்பால், சுரங்கத்துக்காரர்கள் தோண்டிக் கொட்டிய மண் மலைபோல் வரிசையாக நின்றது. அங்கிருந்து காற்று அடித்தால் நெல்லின் தாளில் கறுப்பாகப் பொடி படியும். விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டும். பவானி அந்த மண் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியா? ஒரு வேலைக்காகவா?

வீட்டுக்குப் போனதும் கணவன் இளவரசுக்குப் போன் போட்டாள். அவன் குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டு வேலை. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே வரியில் சொன்னான்: "உன் தம்பியக் கேக்கறதுக்கு முன்னாடி ஒரு டீ வாங்கிக் குடு. வெறும் வயித்துல பொய் ஜாஸ்தி வரும்."

*

புதன்கிழமை காலை, சேத்தியாத்தோப்பு கூட்டுரோட்டு டீக்கடையில் தம்பியைப் பிடித்தாள். ஷிப்டு முடிந்து வந்தவன், ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். டீ வந்தது. கேள்வியும் வந்தது.

"நீல ஃபைலா?" ஜெயப்பிரகாஷ் சிரித்தான். "அதுல பி.எஃப். பேப்பரு இருந்துச்சு. கீழ் மாடியில பி.எஃப். எழுதிக் குடுக்குற ஆளு இருக்காரு. மாமாவப் பாத்து ஏன் ஓடுனேன்னா, அவுரு பொண்ணு கல்யாணத்துக்கு மொய் எழுதாம உட்டுட்டேன். கேட்டுடுவாருன்னு ஓடுனேன்."

"வெளையாடாத ஜேபி. ஊரு சோறு போற விஷயம்."

அவன் முகம் மாறியது. டீ கிளாசைக் கீழே வைத்தான்.

"ஏங்க்கா, நான் அங்க இன்னா வேல செய்றேன்னு ஆறு வருசத்துல என்னைக்காச்சும் கேட்டியா?"

"தண்ணி அளக்குற."

"போருக்குள்ள டேப்ப எறக்குவேன். முனையில ஒரு சாமான் இருக்கும். தண்ணியத் தொட்டா கீச்சுனு கத்தும். எத்தினி மீட்டர்னு எழுதிக் குடுப்பேன். சுத்துவட்டாரத்துல நாப்பது ஊர்ல எறக்கியிருக்கேன். எறக்காத ஊரு ஒண்ணே ஒண்ணுதான். நம்ம ஊரு."

"ஏன்?"

"ஏனா? போன வருசம் நான் டேப்ப எடுத்துகினு வந்தப்ப, மோட்டார் கொட்டாயில கைய வச்சா கைய ஒடிச்சிடுவேன்னாரு செம்பியன் மாமா. நீயும் அங்கதான நின்ன? 'வேற நாளு வாடா'ன்னு நீதான அனுப்புன?"

பவானிக்கு ஞாபகம் இருந்தது. அனுப்பித்தான் இருந்தாள். அவள் பெயரில் இருக்கும் இலவச மின் இணைப்பு ஐந்து எச்பி மோட்டாருக்கு. கொட்டாயில் ஓடுவது பன்னிரண்டரை எச்பி. அறுநூறு அடியிலிருந்து தண்ணீர் தூக்க ஐந்து எச்பி எந்த மூலைக்கு? ஊரில் யார் கொட்டாயைத் திறந்தாலும் இதே கதைதான். வெளியே தெரிந்தால் இணைப்பைத் துண்டிப்பார்கள், அபராதம் போடுவார்கள். மறுபடி வாங்க வருஷக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும்.

"அப்ப அந்தக் கணக்க யாருடா குடுத்தது?"

"என்னக் கேக்காத. சிதம்பரம் போயி காகிதத்தப் பாரு." ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து சொன்னான்: "கூடப் பொறந்தவன சந்தேகப்படறதுக்கு ஒரு டீ பத்தாதுக்கா. ஒரு வடையாச்சும் சொல்லியிருக்கலாம்."

*

வியாழக்கிழமை சிதம்பரம். தேர் ஓடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் மாடி மேல் அலுவலகம். நகல் கேட்டு மனு கொடுத்து, இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு, ஒரு பெரியவர் நாடா கட்டிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். தூசி எழும்பியது.

"கூத்தன்மேடு. இங்கயே பாத்துட்டு, வேணுங்கறத மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கம்மா."

பவானி நாடாவை அவிழ்த்தாள். துரோகியின் முகத்தைப் பார்க்கப் போகிறோம் என்று முதல் தாளை அவசரமாகப் புரட்டினாள்.

முதல் தாள். பக்கத்து வயல்காரி மங்கலத்தின் பெயர். மோட்டார் ஐந்து எச்பி. போரின் ஆழம் நூற்று எண்பது அடி.

இரண்டாவது தாள். ஐந்து எச்பி. நூற்று எழுபத்தைந்து அடி.

மூன்றாவது. நூற்று எண்பது. நான்காவது. நூற்று எழுபத்தெட்டு.

"எழுத்து பாத்தியா, முத்து முத்தா இருக்குல்ல?" என்றார் பெரியவர், அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. "தொண்ணூத்தி மூணும் ஒரே ஆளு எழுதுனது. கெட்டிக்காரத்தனமா பேனாவ மட்டும் மாத்தி மாத்தி எழுதியிருக்கான். நீலம், கறுப்பு, பச்சை... நான் முப்பது வருசமா காகிதம் பாக்குறவன். என்கிட்ட நடக்குமா?"

பவானி தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்தாள்.

எழுதியது அவன் இல்லை. அவளேதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இலவச மின்சார மோட்டார்களைக் கணக்கெடுக்கப் போகிறார்கள் என்று படிவம் வந்தது. அவரவர் மோட்டார் விவரத்தை அவரவரே எழுதித் தரவேண்டும். ஊர் கூடியது. எல்லாரும் ஐந்து எச்பி என்றே எழுதிவிடுவது என்று முடிவாயிற்று. அப்போது செம்பியன் எழுந்து, "அஞ்சு எச்பி மோட்டாரு நானூறு அடியில தண்ணி தூக்குதுன்னு எழுதுனா படிக்கிறவன் சிரிப்பான். ஆழத்தையும் சேத்துக் கொறச்சிடுங்க. எல்லாருக்கும் நூத்தி எம்பது" என்றார். பால் சொசைட்டித் தரையில் உட்கார்ந்து இரண்டு நாள் எழுதியது பவானி. எல்லாருக்கும் ஒரே எண் இருந்தால் சந்தேகம் வரும் என்று அங்கங்கே ஐந்தடி கூட்டிக் குறைத்ததும் அவள்தான். நான்கு பேனா வாங்கி வரச் சொன்னதும் அவள்தான். எழுதி முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். மங்கலம் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மின்சாரத்துக்குக் கொடுத்த காகிதம் மின்சாரத்தோடு போச்சு என்றுதான் ஊரே நினைத்தது. அது ஓர் ஆபீசிலிருந்து இன்னோர் ஆபீசுக்கு நடந்து போய், இரண்டு வருஷம் கழித்துத் தண்ணீர்க் கணக்காக எழுந்து நிற்கும் என்று யார் கண்டது?

படியிறங்கும்போது இன்னொன்றும் உறைத்தது. மஞ்சக்குப்பத்தில் அந்த அம்மா "தொண்ணூத்தி மூணு, தனித்தனியா" என்று சொன்ன நொடியிலேயே செம்பியனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் காலண்டரைப் பார்த்தார். தெரிந்துகொண்டேதான் பஸ்ஸில் தம்பியின் பெயரை எடுத்தார்.

ஏன்?

*

அன்று சாயங்காலம், பால் ஊற்ற எல்லாரும் சொசைட்டிக்கு வரும் நேரத்தில், பவானி பால் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றாள்.

"ஊரக் காட்டிக் குடுத்தது யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"கலைமணிதான?" என்றது ஒரு குரல். "நான் அப்பவே சொன்னேன்" என்றது இன்னொன்று. யாரோ ஒருவர் ஜெயப்பிரகாஷ் பெயரையும் மெதுவாக எடுத்தார்.

"நான்தான்," என்றாள் பவானி. "நான் எழுதுனேன், நீங்க கையெழுத்துப் போட்டீங்க." ஜெராக்ஸ் தாள்களைத் தூக்கிக் காட்டினாள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நாளைக்கே ஆட்சேபணை எழுதிக் குடுக்கப் போறேன். எழுதுனது பொய்யி, வந்து போரக் கிளப்பிப் பாருங்க, மோட்டாரு அறநூத்தி இருவதுல தொங்குதுன்னு."

"அறநூத்தி இருவதா?" மங்கலம் பால் சொம்பைக் கீழே வைத்தாள். "என்கிட்ட நானூறுன்னு தான சொன்ன? அடிப்பாவி! அதான் நாலு வருசமா என் போர்ல தண்ணியோட காத்தும் அடிக்குது. என் தண்ணிய நீயா இழுத்துகினு இருக்க?"

"உன்னது எவ்ளோ?"

மங்கலம் குனிந்து சொம்பை எடுத்துக்கொண்டாள்.

பவானி சுற்றிலும் பார்த்தாள். ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னாருடைய ஆழம் இவ்வளவு என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. ஆபீசுக்கு ஒரு பொய், அண்டை வயலுக்கு ஒரு பொய்.

செம்பியன் முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "பவானி, உன் போரு உன் இஷ்டம். ஆனா நீ கொட்டாயத் தொறந்தா அடுத்த கொட்டாயையும் தொறக்கச் சொல்லுவான். லைன்மேன் வந்து ஒயரப் புடுங்குவான். பால் புடிக்கிற பயிரு நிக்கிது. நல்லா யோசிச்சுக்க."

"யோசிச்சிட்டேன் மாமா. நீங்கதான் செவ்வாக்கிழமையிலேர்ந்து யோசிக்கிறீங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். லைன்மேனுக்கு இவரே சொல்லிவிடுவாரோ? பவானிக்கு அன்றைக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

*

வெள்ளிக்கிழமை ஆட்சேபணை கொடுத்ததற்கு, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஜீப் வந்துவிட்டது. இறங்கிய அதிகாரியின் பெயர் கதிர்வேல். சிரிக்காத முகம். பின்னாலேயே அன்பரசுவின் கிரேன் வண்டி. ஜெயப்பிரகாஷும் லுங்கியைக் கட்டிக்கொண்டு, டேப்புச் சுருளோடு வந்திருந்தான்.

"லீவு போட்டியா?" என்றாள் பவானி.

"வேலையே போனாலும் போவும். அப்பறம் தெனமும் உன் வீட்லதான் சோறு."

கதிர்வேல் நோட்டைத் திறந்தார். "ஒரு போரைப் பாத்து ஊரைப் பட்டியல்ல ஏத்த முடியாதும்மா. கிழக்கே ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மேற்கே ஒண்ணு, மூணு வேணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் கிளம்பிடுவேன். மூணு இல்லைன்னா ஒரு ஆளோட குறைன்னு எழுதுவேன்."

பவானியின் வயல் நடுவில் இருந்தது. அன்பரசு சங்கிலியை மாட்டினான். பைப்புகள் ஒவ்வொன்றாக மேலே வந்து வரப்பு ஓரமாகப் படுத்தன. ஒரு பைப் இருபது அடி. ஊர் ஜனம் தூரத்தில் நின்று வாய்விட்டே எண்ணியது. முப்பத்தொன்றாவது பைப்போடு மோட்டார் வந்தது. கதிர்வேல் குனிந்து மோட்டாரின் தகட்டைப் படித்தார். பன்னிரண்டரை எச்பி. அதையும் எழுதிக்கொண்டார். ஜெயப்பிரகாஷ் டேப்பை இறக்கினான். போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கீச்சென்று கத்தியது.

"தண்ணி ஐநூத்தி எம்பது அடியில சார்."

"கிழக்கே யாரு?" என்றார் கதிர்வேல்.

யாரும் அசையவில்லை. பத்து நிமிஷம் போனது. திடீரென்று மங்கலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னுதக் கிளப்புங்க சார். யாரு தண்ணிய யாரு இழுத்தாங்கன்னு இன்னைக்குத் தெரிஞ்சுடணும்!"

மங்கலத்தின் போரில் இருபத்தெட்டு பைப். ஐநூற்று அறுபது அடி. "நீ என்கிட்ட முந்நூறுன்ன," என்று பவானி முணுமுணுத்தாள். டேப் ஐநூற்று இருபதில் கத்தியது.

"பாத்தீங்களா!" மங்கலம் இடுப்பில் கை வைத்தாள். "எனக்கு மேல நிக்கிது, அவளுக்குக் கீழ நிக்கிது. என் தண்ணி அவ பக்கந்தான் சரியுது. சாட்சியோட ஆயிடுச்சு!"

கூட்டத்தில் சலசலப்பு. ஊருக்குத் தண்ணீர் கேட்கப் போன பவானி, ஊர்த் தண்ணீரைத் திருடியவளாக நின்றாள். கதிர்வேலும் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

ஜெயப்பிரகாஷ்தான் பேசினான். "அத்தாச்சி, ஒரு போரு இழுத்தா அந்தப் போரச் சுத்தித்தான் பள்ளம் விழும். அக்கா இழுத்திருந்தா, அக்காவுக்கு மேற்கே தண்ணி மறுபடி மேல ஏறி நிக்கணும். ஏறாம இன்னும் கீழ போச்சுன்னா அது அக்கா வேல இல்ல. மேற்கே எதோ ஒண்ணு ஊரு மொத்தத்தையும் சரிக்குது."

"மேற்கே யாரு போரு?" என்றார் கதிர்வேல்.

எல்லாரும் ஒரே திசையில் பார்த்தார்கள். மேற்கே ஓடும் போர் ஒன்றுதான். செம்பியனுடையது.

மணி பன்னிரண்டரை.

*

செம்பியன் தன் மோட்டார் கொட்டாய் வாசலில், பூட்டிய கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாவி கையில் இருந்தது. பவானி தனியாகத்தான் போனாள்.

"தொறங்க மாமா."

"முடியாது."

"தெரிஞ்சே என் தம்பி பேர இழுத்துவிட்டீங்க. ஏன்னு மட்டும் சொல்லிடுங்க."

அவர் சாவியை விரல்களில் உருட்டினார்.

"காகிதம் நீ எழுதுனதுன்னு தெரிஞ்சா போரக் கிளப்பலாம்ப. உன்னப் பத்தித் தெரியாதா? ஒண்ணக் கிளப்பினா என்னுதையும் கிளப்புவாங்க." தலையைக் குனிந்துகொண்டார். "என்னுது எழுநூத்தி நாப்பது. பதினஞ்சு எச்பி. நாலு வருசத்துக்கு முன்னால போட்டேன். நான் எறக்குன மறு மாசமே மங்கலம் போருல காத்து வந்துச்சு. அதுக்கு அடுத்த மாசம் சின்னையன் போரு தூந்துபோச்சு. மனுசன் நெலத்த வித்துட்டு திருப்பூர் போயிட்டான். ஊருத் தண்ணிய நான்தான் குடிச்சிட்டேன் பவானி. தலைவருன்னு சொல்லிகினு மேடையில சுரங்கத்தத் திட்டுறேன். இது வெளிய தெரிஞ்சா எந்த மூஞ்சிய வச்சிகினு நிப்பேன்?"

பவானி அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது, அதே நேரம் என்னவோ பாவமாகவும் இருந்தது. அரை மணி நேரம் முன்னால் வரப்பில் அவளும் இதே சந்தேகத்தோடுதானே நின்றாள், நாம்தான் இழுத்துவிட்டோமோ என்று?

"மாமா, இப்ப ஊரு என்னத் திருடின்னு சொல்லுது. உங்க போர எறக்கிப் பாத்தாத்தான் நானா, நீங்களா, அதோ அதுவான்னு தெரியும்." மண் மலைப் பக்கம் கையைக் காட்டினாள். "அது தெரியாமயே சாவப் போறீங்களா?"

"நான்தான்னு ஆயிட்டா?"

"ஆயிட்டா நானும் சேந்து திட்டுறேன். ஆனா, தெரியட்டும்."

செம்பியன் எழுந்தார். சாவி பூட்டுக்குள் நுழைய மறுத்தது. இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாவது தடவை அவளிடமே கொடுத்துவிட்டார்.

*

முப்பத்தேழு பைப்புகள். எண்ணிக்கொண்டே வந்த ஜனம் முப்பத்திரண்டுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டது. மங்கலம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். கடைசிப் பைப்போடு அந்தப் பெரிய மோட்டார் வெளியே வந்தபோது மணி நாலே கால்.

ஜெயப்பிரகாஷ் டேப்பை இறக்கினான். ஐநூறு அடி. ஐநூற்று எண்பது. சத்தமில்லை. செம்பியன் கண்ணை மூடிக்கொண்டார். அறுநூறு. அறுநூற்று ஐம்பது.

கீச்.

"எழுநூறு அடி சார். மோட்டாரு நேத்து மத்தியானத்திலேர்ந்து ஓடல. மாமா இழுத்த பள்ளமா இருந்தா இந்நேரம் தண்ணி மேல ஏறியிருக்கும். இதுதான் நெசமான மட்டம்."

கதிர்வேல் ஜீப்பின் பானெட்டில் நோட்டை வைத்து மூன்று புள்ளி போட்டார். ஐநூற்று இருபது, ஐநூற்று எண்பது, எழுநூறு. மூன்றையும் சேர்த்துக் கோடு இழுத்தார். கோடு கிழக்கிலிருந்து மேற்கே, ஒரு மேடு இல்லாமல், வழுக்கிக்கொண்டு இறங்கியது. பேனாவைக் கோட்டின் நுனியில் வைத்துக்கொண்டே தலையைத் தூக்கி, அது போகும் திசையில் பார்த்தார். மண் மலை அங்கே நின்றது. மற்றவர்களும் பார்த்தார்கள்.

"இது ஒரு போர் செய்ற வேலை இல்லை," என்றார். "ஊர் மொத்தமும் சரிஞ்சிருக்கு."

செம்பியன் தரையில் அப்படியே உட்கார்ந்தார். மங்கலம் சொம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். "குடி மாமா. எழுநூத்தி நாப்பது! நாலு வருசமா எப்படித்தான் வயித்துல வச்சிருந்தியோ."

"பட்டியல்ல சேத்துடுவாங்களா சார்?" என்றாள் பவானி.

"இன்னைக்கே போகும். சேராம இருக்காது." கதிர்வேல் இன்னொரு தாளையும் கிழித்து மடித்தார். "ஆனா மூணு மோட்டாரையும் கண்ணால பாத்துட்டேன். அதை எழுதாம விட முடியாது. நோட்டீஸ் வரும். மூணு பேருக்கு வந்தா, மீதி தொண்ணூறு பேருக்கும் வரும்."

இந்தத் தடவை எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், ஓரக்கண்ணால் அல்ல.

"கால்வாய் எப்ப சார் வரும்?"

"ஆறு மாசம் ஆகலாம். ஒரு வருஷம்கூட ஆகலாம்."

"நோட்டீசு?"

"பதினஞ்சு நாள்."

"பதினஞ்சு நாளு போதும்," என்றாள் பவானி. "கதிரு முத்திடும்."

ஜீப் கிளம்பிப் போனது. புழுதி அடங்குவதற்குள் அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பைப் ரெஞ்சைக் கையில் எடுத்தாள். மூன்று வயலிலும் பைப்புகள் வெளியே கிடந்தன, நெல் நின்றுகொண்டிருந்தது.

"அன்பரசு, மொதல்ல மாமாவோடத எறக்கு. மேற்கேதான் ரொம்பக் காயுது."

"உன்னுது?"

"நீ இத முடி. அதுக்குள்ள என் கொல்லைக்கு மங்கலம் தண்ணி வுடுவா."

"எந்தத் தண்ணி? என் பைப்பும்தான வெளிய கெடக்குது!" என்று கத்தினாள் மங்கலம். கத்திக்கொண்டே வந்து முதல் பைப்பின் மறு நுனியைத் தூக்கினாள்.